தெரபி சென்டரில் தெரபி தவிர மற்ற எல்லா வேலையும்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான தெரபி சென்டர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறவர்கள் தெரபிஸ்டுகள். அவர்களுக்குப் படிப்பு உண்டு, பயிற்சி உண்டு, அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. போன் எடுக்கிறவர், நேரம் போடுகிறவர், பில் எழுதுகிறவர், பொம்மை கழுவுகிறவர், ஊஞ்சல் கொக்கியை இழுத்துப் பார்க்கிறவர் இவர்களுக்கெல்லாம் யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. சின்ன சென்டர் என்றால் இத்தனையும் ஒரே ஆள். பெங்களூர் ஜீவன்பீமா நகர் பக்கம் ஒரு சென்டரில் அந்த ஒரே ஆள் நான்தான். கழுத்தில் மாட்டிய அட்டையில் கோஆர்டினேட்டர் என்று இருக்கும். குழந்தைகளிலிருந்து தண்ணி லாரிக்காரர் வரை எல்லோருக்கும் அக்கா. இதற்கு முன்னால் பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் டிஸ்பாட்ச் பார்த்தேன். அங்கே பழகியதில் பாதி இங்கே கைகொடுக்கிறது. மீதி, குறிப்பாகச் சத்தம் போட்டு வேலை வாங்குவது, வாசலோடு விட்டுவிட வேண்டியிருந்தது.

அல்சூர், மர்ஃபி டவுன், லிங்கராஜபுரம் பக்கத்திலிருந்து நம் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் இப்போது இந்த மாதிரி சென்டர்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். 'ஆபீஸ் வேலைதான்' என்று சொல்லித்தான் எடுப்பார்கள். போய் நின்ற பிறகுதான் என்ன வேலை என்று தெரியும். அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். இங்கே வரும் பிள்ளைகளில் பலருக்கு, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய அவஸ்தை. அதோடு நமக்குக் காதில் விழாத சத்தமும் மூக்கில் ஏறாத வாசனையும் அவர்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். தெரபிஸ்ட் கையில் 45 நிமிடம் இருக்கிறது. கேட்டிலிருந்து அந்த அறை வரைக்கும் பிள்ளை வந்து சேருவதற்குள் ஏதாவது ஒன்று இடறினால், அதில் 30 நிமிடம் அழுகையை அடக்குவதிலேயே போய்விடும். ஆகவே நம் வேலை ஒரு வரிதான்: முன்கூட்டிச் சொல்லாமல் எதுவும் மாறக் கூடாது.

காலையில் பார்க்க வேண்டியது

பெங்களூரில் இந்த சென்டர்கள் பெரும்பாலும் வாடகை வீடுகளில்தான் நடக்கின்றன. வீட்டுக்காரர் மாடியில் இருப்பார், கீழே நாம். இந்த ஊர் வீடு என்றால் போர்டிகோவுக்கு அடியில் ஒரு சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, இருக்கும். நான் வந்ததும் முதலில் போவது அங்கேதான். இரும்பு மூடி, அதில் பூட்டு, சாவி என் இடுப்பில். தண்ணீர் என்றால் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அலாதி ஆசை. ஆபத்து என்ற எண்ணம் குறைவு. காவிரித் தண்ணீர் வராத நாளில் லாரி வரும். லாரிக்காரர் மூடியைத் திறந்து குழாயைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அதனால் செஷன் நேரத்தில் லாரி கூடவே கூடாது. காலை எட்டு மணிக்கு முன்னால் அல்லது கடைசிக் குழந்தை போன பிறகு. 2024 கோடையில் லாரி கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்தபோது அவர்கள் சொன்ன நேரத்துக்குத்தான் வாங்க வேண்டியிருந்தது. அப்போது நிரம்பி முடிக்கும் வரை ஆயாம்மா மூடியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார், இடத்தை விட்டு அசைய மாட்டார்.

அதே காரணத்துக்காக, ஒரு பிள்ளை கண்ணில் படவில்லை என்றால் முதலில் தேட வேண்டியது தண்ணீர் இருக்கும் இடத்தில்: சம்ப், பாத்ரூம் பக்கெட், பக்கத்து வீட்டுத் தொட்டி. தெருவை அப்புறம் பாருங்கள், அல்லது இன்னொருவரை அனுப்புங்கள். எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. கேட்டுக்கும் மொட்டை மாடிக் கதவுக்கும் தாழ்ப்பாள் பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். மேலே கொக்கி போட்டாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறும் கெட்டிக்காரர்கள் உண்டு. ஆகவே வரவேற்பறையில் ஸ்டூல் வைக்காதீர்கள்.

அடுத்து ஊஞ்சல். ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) அறையில் பலகை ஊஞ்சல், உருளை ஊஞ்சல், துணித் தொட்டில் மாதிரி ஒன்று எல்லாம் தொங்கும். போல்ட் கான்கிரீட் தளத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டி வைத்திருக்கும் இடத்தைப் பார்த்தால் அந்த வேலையே வேண்டாம் என்று திரும்பிவிடுங்கள். தினமும் பார்க்க வேண்டியவை: கொக்கியின் வாய் முழுதாக மூடுகிறதா, கயிறு எங்காவது நூல் நூலாகப் பிரிகிறதா, சுழலும் வளையம் கிறீச்சிடுகிறதா, கீழே மெத்தை நேராக இருக்கிறதா. கண்ணால் பார்த்தால் போதாது, எடை ஏற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் சென்டரில் தினமும் முதல் ஆட்டம் எனக்குத்தான். என் எடையைத் தாங்கினால் எந்தப் பிள்ளையையும் தாங்கும். ஆயாம்மா இன்னும் இதைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தவில்லை.

துடைப்பது பிள்ளைகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் முடிந்துவிட வேண்டும். வாசனை பினாயில் வேண்டாம், ஊதுபத்தி வேண்டாம், ரூம் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். சாமி படத்துக்கு விளக்கு ஏற்றுங்கள், யாரும் தடுக்கவில்லை. சாம்பிராணி மட்டும் வீட்டோடு இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மல்லிகைப் பூவும் அப்படித்தான். எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடி வளையல், சத்தம் போடும் கொலுசு, தொங்கும் கம்மல், நீளச் செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். இழுத்தால் காது கிழியும், பிள்ளை மேல் குற்றம் சொல்ல முடியாது.

சத்தத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு நாள் ஆளில்லாத நேரத்தில் ஒவ்வொரு அறையிலும் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். பழைய டியூப் லைட்டின் சோக் ரீங்காரம், மோட்டார், மாடியில் மிக்ஸி, குக்கர் விசில், யு.பி.எஸ். கரெண்ட் போனால் போடும் 'பீப் பீப்' எல்லாம் வரிசையாகக் கேட்கும். டியூப் லைட்டை மாற்றி எல்.இ.டி. போடலாம். யு.பி.எஸ். பீப்பை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி நிறுத்தலாம். காலிங் பெல்லைக் கழற்றிவிட்டு 'வந்ததும் போன் செய்யுங்கள்' என்று ஒட்டலாம். குக்கருக்குத்தான் ராஜதந்திரம் வேண்டும். மாடி வீட்டம்மாவிடம் போய் நேரத்தைக் கேட்டு, குக்கர் சத்தத்துக்கு முகம் மாறும் பிள்ளைகளை அந்த நேரத்தில் போடாமல் பார்த்துக்கொள்கிறேன். பதிலுக்கு அவருடைய கூரியர் எல்லாம் என்னிடம்தான் வரும்.

திருவிழாக்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்துவிடுங்கள். விநாயகர் ஊர்வலம், தீபாவளி, அல்சூரில் தேர், அப்புறம் நவம்பர் 1 ராஜ்யோத்சவம். கன்னடக் கொடி ஏறிய ஆட்டோ ஸ்டாண்டில் ஸ்பீக்கர் வைத்தால் அது ஒரு நாளோடு முடியாது, மாதம் முழுக்க வெவ்வேறு தெருவில் நடக்கும். இது தெரியாமல் மாலை செஷன் போட்டால் பிள்ளையும் பாவம், தெரபிஸ்டும் பாவம்.

நேரம் போடுவது

வெளியிலிருந்து பார்த்தால் எக்செல்லில் பெட்டி நிரப்புவது மாதிரி இருக்கும். உண்மையில் வேலையின் உயிர்நாடி இதுதான்.

45 நிமிட செஷனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மீதி 15 நிமிடத்தில் தெரபிஸ்ட் குறிப்பு எழுத வேண்டும், அம்மாவிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும், வாயில் வைத்த பொம்மைகள் தனிக் கூடைக்குப் போக வேண்டும், அடுத்த பிள்ளைக்கு அறை மாற வேண்டும். முதலாளி 'அந்த 15 நிமிஷத்தையெல்லாம் சேர்த்தா இன்னொரு செஷன் போடலாமே' என்று கணக்குச் சொல்வார். மாத வருமானத்தில் அவர் கணக்கு சரிதான். ஆனால் வாசலில் ஒரு பிள்ளை வெளியே வர, இன்னொரு பிள்ளை உள்ளே போக, இருவரும் ஒரே காரிடாரில் மோதிக்கொள்ளும் காட்சியை ஒரு தடவை அவரை நிற்க வைத்துக் காட்டினால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு நேரம், ஒரு அறை, ஒரு தெரபிஸ்ட் என்று அமைந்துவிட்டால் அதில் கை வைக்காதீர்கள். தெரபிஸ்ட் விடுப்பு எடுத்தால் முதல் நாளே பெற்றோருக்குச் சொல்லி, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவருடைய போட்டோவையும் அனுப்புங்கள். 'நாளைக்கு இந்த அக்கா' என்று வீட்டில் இரவே காட்டிவிடுவார்கள். அந்த ஒரு போட்டோ மறுநாள் எவ்வளவு அழுகையை மிச்சப்படுத்தும் என்பதை அனுபவத்தில்தான் தெரிந்துகொள்ள முடியும். ஊரின் டிராஃபிக் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழை வந்துவிட்டால் சில்க் போர்டு பக்கமிருந்து வருகிறவர்கள் எப்போது வருவார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். தாமதமாக வந்த பிள்ளையை ஓட்டமாக உள்ளே தள்ளாதீர்கள். மீதமுள்ள நேரத்தைத் தெரபிஸ்டிடம் சொல்லிவிட்டு, செருப்பு கழற்றுவது, பையை மாட்டுவது என்று தினமும் செய்கிற வரிசையை அப்படியே செய்யவிடுங்கள். பத்து நிமிடம் குறைந்தாலும் பரவாயில்லை, வரிசை குறையக் கூடாது.

எங்களிடம் வரும் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்வேன். அம்மாவோடு மெட்ரோவில் வருவான். உள்ளே நுழைந்ததும் ஷூ ரேக் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று, பர்ப்பிள் லைன் ஸ்டேஷன்களை அறிவிப்புக் குரலிலேயே சொல்வான். விஜயநகர், ஹொசஹள்ளி, மாகடி ரோடு, சிட்டி ரயில்வே ஸ்டேஷன், மெஜஸ்டிக் என்று போகும். விதான சௌதா, கப்பன் பார்க் வரும்போது யாராவது அன்பாக 'சாப்ட்டியா கண்ணா?' என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது, மறுபடி விஜயநகரிலிருந்து ஆரம்பம். இந்திராநகர் வந்து கதவு திறந்த பிறகு ஷூவைக் கழற்றி, தானாகவே அறைக்குள் போய்விடுவான். மெட்ரோவிலிருந்து எங்கள் அறைக்கு வந்து சேர அவனுக்கு அந்த வரிசை தேவைப்படுகிறது. ஆகவே அவனுடைய நேரத்துக்கு முன்னால் நான் வேறு யாரையும் வாசலில் வரவைப்பதில்லை. புதிதாக வந்த ஹவுஸ்கீப்பிங் தம்பிக்கும் கூரியர் பையனுக்கும்கூட இது தெரியும். உங்கள் இடத்திலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். தெரபி ஃபைலில் அது இருக்காது. நீங்களே ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் லீவு போட்டால் அந்த நோட்டுதான் உங்களுக்குப் பதில் நிற்கும்.

அட்டைகள், பொம்மைகள், தின்பண்டம்

பேச்சு வராத பிள்ளைகளும் பேச்சு வந்தும் நேரத்துக்கு எடுக்க முடியாதவர்களும் படங்களால் பேசுவார்கள். 'முதலில் புதிர், அப்புறம் ஊஞ்சல்' என்று காட்டும் பலகை, அன்றைய நாளின் வரிசையைக் காட்டும் பட்டை, வேண்டியதைக் கேட்கும் அட்டைப் புத்தகம் என்று பல வகை. படத்தைக் கையில் கொடுத்துப் பொருளைக் கேட்கும் பெக்ஸ் முறை 1985-இல் அமெரிக்காவில் தொடங்கியது. டேப்லெட்டில் சென்னையில் உருவான ஆவாஸ் மாதிரியான செயலிகளும் இருக்கின்றன. எந்தப் பிள்ளைக்கு எது என்பதை தெரபிஸ்ட் தீர்மானிப்பார். செய்து தருவது நாம்.

செய்முறையில் சில நுணுக்கம் உண்டு. படத்தை முதலில் வெட்டி, அப்புறம் லேமினேட் செய்து, சுற்றிலும் ஒட்டிய பிளாஸ்டிக் ஓரத்தை விட்டு மறுபடி வெட்டுங்கள். மொத்தமாக லேமினேட் செய்து படத்தின் விளிம்போடு வெட்டினால், ஓரம் பிரியும். பிரிந்த ஓரம் கிடைத்தால் ஒரு மணி நேரத்தில் முழு அட்டையும் உரிந்துவிடும். மூலைகளை வளைத்து வெட்டுங்கள், கூர் மூலை கண்ணில் குத்தும். வெல்க்ரோவில் சொரசொரப்பு ஒரு பக்கம், மெத்தென்றது ஒரு பக்கம். அட்டைக்கு எது, பலகைக்கு எது என்று முதல் நாளே முடிவு செய்து சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஆளுக்கொரு மாதிரி ஒட்டினால் புது அட்டை பழைய பலகையில் நிற்காது. ஷீட், வெல்க்ரோ எல்லாம் அவென்யூ ரோடில் மொத்தமாக வாங்கினால் மலிவு. கார்ட்டூன் படம் புரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவர்களுடைய சொந்த வாட்டர் பாட்டிலை, சொந்த டிபன் பாக்ஸைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் தவிர எதுவும் தெரியக் கூடாது. ஒவ்வொரு அட்டையும் இரண்டு பிரதி, ஒன்று வீட்டுக்கு. அட்டையின் அடியில் எழுதும் வார்த்தை அந்த வீட்டில் பேசும் மொழியில் இருக்கட்டும். 'ஒரே மொழிதான் பேசணும், இங்கிலீஷ் மட்டும் பேசுங்க' என்று யாராவது தாய்மாரிடம் சொல்லியிருப்பார்கள். இரண்டு மொழி கேட்பதால் இந்தப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. பாட்டியிடம் பேசுவதற்கு மொழி இல்லாமல் போவதுதான் நஷ்டம்.

பிளாஸ்டிக் பொம்மைகளுக்குச் சோப்புத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர், அப்புறம் மொட்டை மாடி வெயில். சன்னபட்டணா மரப் பொம்மைகளை ஊற வைக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். அரக்குப் பூச்சு நன்றாக இருக்கும்வரை வாயில் வைக்கும் பிள்ளைகளுக்கு அது நல்ல பொம்மை. பிள்ளைகள் குதித்து விளையாடும் பால் பூல் தொட்டியின் பந்துகளைப் பழைய கொசுவலையில் மூட்டையாகக் கட்டி டப்பில் அலசுங்கள். நசுங்கிய பந்து வெட்டும், தூக்கிப் போடுங்கள். தொட்டியின் அடியில் ஒற்றை சாக்ஸ், பிஸ்கட், ஹேர் கிளிப், சில சமயம் ஈரம் எல்லாம் கிடைக்கும். ஈரம் என்றால் அன்றைக்கு அந்த அறைக்குப் பூட்டு, முழுதும் வெளியே எடுக்க வேண்டும். கையை விட்டு அளைய அரிசி, ராகி வைத்திருக்கும் டிரேக்கள் மழைக்காலத்தில் வண்டு பிடிக்கும், அடிக்கடி மாற்றுங்கள். ராஜ்மா, பட்டாணி வேண்டாம், மூக்குக்குள் போகும்.

செஷனில் ஊக்கத்துக்குக் கொடுக்கும் தின்பண்டம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி டப்பா, மேலே பெயர். பெற்றோர் எழுதிக் கொடுத்ததைத் தவிர ஒரு துண்டு முறுக்குகூடப் போகக் கூடாது. சிலருக்கு வேர்க்கடலை ஆகாது, சில வீடுகளில் பாலும் கோதுமையும் நிறுத்தியிருப்பார்கள். அந்த உணவுமுறையால் பெரிய பலன் இருப்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது என்று தெரபிஸ்ட் சொல்வார், ஆனாலும் முடிவு அந்த வீட்டுடையது. பிறந்தநாள் லட்டு கொண்டு வந்தால் வாங்கி வைத்து, பெரியவர்கள் கையில் மட்டும் கொடுங்கள்.

காத்திருக்கும் இடத்தில்

டிவி வேண்டாம். இருந்தால் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள்.

ஊரிலிருந்து பாட்டிகள் வருவார்கள். 'இவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்' என்று ஆரம்பிப்பார்கள். இன்னொரு அம்மாவிடம் 'உங்க புள்ளைக்குப் பேச்சு வந்துருச்சா?' என்று கேட்பார்கள். கேட்கிறவருக்கு ஆறுதல் தேடும் கேள்வி, பதில் சொல்கிறவருக்கு வயிற்றைப் பிசையும் கேள்வி. அந்த இடத்தில் நான் புகுந்து 'பாட்டி, காபி குடிக்கிறீங்களா?' என்பேன். நாகரிகமாகப் பேச்சை மாற்ற நம்மிடம் காபியைவிட நல்ல கருவி இல்லை.

புதிதாக வரும் அம்மாக்கள் தெரபிஸ்டிடம் கேட்கத் தயங்குவதை நம்மிடம் கேட்பார்கள். போதாததற்கு அவர்கள் மொழியே பேசுகிறோம். 'அக்கா, சரியாயிடுமா?' என்று கேட்டால் 'சரியாயிடும்' என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். ஆட்டிசம் நோய் இல்லை என்பதால் குணமாகும் என்ற பேச்சே பொருந்தாது, அதை விளக்கும் இடமும் ரிசப்ஷன் இல்லை. 'மேடம்கிட்ட தனியா பேச நேரம் போட்டுத் தரேன்' என்று சொல்லி, அன்றைக்கே போட்டுக் கொடுங்கள். அடுத்த வாரம் என்று தள்ளினால் அந்த அம்மா அதற்குள் யூடியூபில் ஏதாவது ஒரு வைத்தியரைக் கண்டுபிடித்துவிடுவார்.

வைத்தியர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஸ்டெம் செல் சிகிச்சை என்று பளபளப்பான நோட்டீஸ் கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போவார்கள். இந்தியாவின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தக் கோளாறுகளுக்குச் செய்யும் சில ஸ்டெம் செல் மாற்று (டிரான்ஸ்பிளான்ட்) சிகிச்சைகளைத் தவிர, மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுகளில் மட்டும்தான் செய்யலாம். ஆய்வில் சேருகிறவரிடம் பணம் வாங்கவும் கூடாது. லட்சங்களில் பில் போடுகிறவர்களின் நோட்டீஸ் நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டும். யாரிடமும் கேட்க வேண்டாம், நீங்களே போடுங்கள்.

பிள்ளை கத்திக் கதறித் தரையில் படுத்துவிட்டால், சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலைப்பதுதான் நம் வேலை. தொடாதீர்கள், சமாதானம் பேசாதீர்கள், 'ஷேம் ஷேம்' சொல்லவே சொல்லாதீர்கள். விளக்கைக் குறைத்து, பக்கத்தில் இருக்கும் கூரான பொருட்களை எடுத்துவிட்டு, மற்றவர்களை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். யாராவது செல்போனை நீட்டினால் குறுக்கே போய் நில்லுங்கள். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு வலிப்பும் இருக்கும். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து நேரத்தைக் குறியுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. இரும்புச் சாவியோடு ஓடி வரும் நல்ல மனிதரைப் பணிவாகத் திருப்பி அனுப்புங்கள்.

காகிதங்கள்

சேர்க்கைப் படிவத்தில் பெயர், வயதோடு நிறுத்தாதீர்கள். வலிப்பு, ஒவ்வாமை, மருந்து, எதைப் பார்த்தால் ஓடுவான், எதற்குப் பயப்படுவான், எது கொடுத்தால் அமைதியாவான், யார் அழைத்துப் போக வரலாம் எல்லாம் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத மாமா வந்தால், மாமாவாகவே இருந்தாலும், அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் பிள்ளை.

பெற்றோர் நம்மிடம் அதிகம் கேட்பது மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றி. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் தருவது அரசு குறிப்பிட்ட மருத்துவ அதிகாரிகள். தெரபி சென்டர் ரிப்போர்ட்டை வைத்துக் கிடைத்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் ஆன்லைனில், ஸ்வாவலம்பன் தளத்தில். மதிப்பீட்டுக்கு இஸா என்ற இந்திய அளவுகோல்: 40 கேள்விகள், 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. இதை நீங்கள் தெரிந்து வைத்திருப்பது ஃபைலை அடுக்கத்தான், விளக்கிச் சொல்ல இல்லை.

மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் உண்டு. பல வீடுகளுக்கு இது இருப்பதே தெரியாது. சேரும் நாளிலேயே சொல்லுங்கள். அதில் பணம் வாங்க பில் ஒழுங்காக இருக்க வேண்டும்: தேதி, எந்த தெரபி, தெரபிஸ்ட் பெயர், பதிவு எண், கையெழுத்து. 'தெரபி சார்ஜ்' என்று மொத்தமாக ஒரு வரி எழுதிய பில் அலைச்சலைத்தான் தரும். பதிவு எண் என்றதும், ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பு ஆசிரியர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்க வேண்டும், ஓ.டி. தெரபிஸ்டுகள் அதில் வர மாட்டார்கள். பதிவு காலாவதியாகும் தேதிகளை உங்கள் காலண்டரில் குறியுங்கள், அவர்கள் மறந்துவிடுவார்கள்.

ஃபைல் பூட்டிய அலமாரியில். வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயரோ படமோ கிடையாது. இன்ஸ்டாகிராமுக்கு ஒரு வீடியோ வேண்டும் என்று முதலாளி கேட்டால் பிள்ளையின் கையை மட்டும் படம் எடுங்கள், முகம் வேண்டாம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ள யாருடைய தகவலுக்கும் பெற்றோர் சம்மதம் தேவை என்று இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், முக்கு டீக்கடையில் நின்று 'இன்னைக்கு அந்தப் பையன் இருக்கானே' என்று ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் டீ குடிக்கிறவர் அவனுடைய பெரியப்பாவாக இருப்பார். இந்த ஊரில் நம் ஆட்கள் வட்டம் அவ்வளவு சின்னது.

வேலையில் சேரும் முன்

உங்களிடம் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கிறார்களா என்று பாருங்கள். கர்நாடகத்தில் சேவா சிந்து தளத்தில் விண்ணப்பிக்கலாம். கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். பேச்சு வராத பிள்ளை தனக்கு நடந்ததை வீட்டில் போய்ச் சொல்லாது. ஆகவே தெரபி அறைகளில் கேமரா அல்லது கண்ணாடி ஜன்னல் இருக்க வேண்டும். டயபர் மாற்றுவது பெற்றோர். அவர்கள் இல்லாவிட்டால் இரண்டு பெரியவர்கள் சேர்ந்து. உடம்பில் காயம் பார்த்தால் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். 'சென்டர் பேரு கெட்டுப்போகும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்.

கடைசியாக, கட்டாயம் வரப்போகும் ஒரு நாளைப் பற்றி. தெரபிஸ்ட் வர மாட்டார், பெற்றோர் ஏற்கெனவே வாசலில் நிற்பார்கள், 'உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஒரு 45 நிமிஷம் நீ உக்காந்துடு' என்று முதலாளி சொல்வார். பெருமையாகத்தான் இருக்கும். மாட்டேன் என்று சொல்லுங்கள். பதிவு இல்லாதவர் பதிவு தேவைப்படும் தெரபியைச் செய்வது சட்டப்படி தப்பு, தெரபிக்குப் பணம் கட்டுகிற பெற்றோரை ஏமாற்றுவதும்கூட. ஆசை இருந்தால் முறையாகப் படிக்கலாம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரமுள்ள 2 ஆண்டு சிறப்புக் கல்வி டிப்ளமோ இருக்கிறது. எங்களிடம் ரிசப்ஷனில் இருந்த பெண் ஒருவர் இப்போது அதைத்தான் படிக்கிறார். அவருடைய இடம் காலியாக இருப்பதால் போனையும் நானே எடுக்கிறேன்.